குவளை இல்லாதவன் பேசக்கூடாது

லூசியன் பெரூபேயிடம் "எப்படி இருக்க?" என்று கேட்டால் "சில்லுன்னு இருக்கு" என்பான். நாம் கேட்டது அவனை. அவன் சொன்னது தான் காய்ச்சும் பியரை. ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதனுக்கும் அவன் தொட்டியிலிருக்கும் சரக்குக்கும் நடுவே இவ்வளவு நெருக்கம் ஆகாது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவனிடம் சொன்னதில்லை. வெஸ்ட் ஹார்லோவில் ஒருவன் முகத்துக்கு எதிரே உண்மையைச் சொல்ல வருஷத்துக்கு ஒரு நாள்தான் ஒதுக்கியிருக்கிறோம். மார்ச் மாதம் முதல் செவ்வாய், ஊர்க்கூட்டம். அன்றைக்கும் அவனைப் பார்த்துச் சொல்லக்கூடாது. கூட்டத்தை நடத்தும் தலைவரம்மாவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

லூசியன் நாற்பது வயதுவரை மாடு கறந்தவன். ஒன்றுவிட்டு ஒரு நாள் லாரி வரும், குழாயைப் போட்டுப் பாலை உறிஞ்சிக்கொண்டு போகும். அந்தப் பால் எந்த ஊருக்குப் போகிறது, யார் குடிக்கிறார்கள், பாலாகத்தான் குடிக்கிறார்களா, ஒன்றும் தெரியாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஆள்கூட வந்து "உங்க பால் நல்லாயிருந்துச்சு" என்று சொன்னதில்லையாம். மாடுகளை விற்ற பிறகு கையில் மிஞ்சியது ஒரு துருப்பிடிக்காத தொட்டியும் ஒரு குளிர் அறையும். பெண்டாட்டி ஜாஸ்லின் இரண்டையும் விற்கச் சொன்னாள். இவன் அதில் பியர் காய்ச்சினான்.

பியருக்கு 'இரண்டாம் அறுப்பு' என்று பேர். ஜூலையில் இரண்டாம் தடவை புல் அறுக்கும்போது வயலில் ஒரு வாசனை வருமே, அதோடு ஆரஞ்சுத் தோலை யாரோ பக்கத்தில் உரித்தாற்போல இருக்கும். கலங்கலாக, வைக்கோல் நிறத்தில். டின்னில் அடைத்த நாளிலிருந்து முப்பது நாள், அதுவும் குளிரிலேயே இருந்தால், சொர்க்கம். நாற்பதாம் நாள் வாசனை கிளம்பிப் போய்விடும். வெயில்பட்ட அலமாரியில் அறுபது நாள் இருந்தால் நனைந்த அட்டைப்பெட்டியைச் சப்பியதுபோல இருக்கும். லூசியன் சொன்னதுதான் இது. நான் அப்போது சோதித்துப் பார்த்ததில்லை.

ஆகவே அவன் கடைகளுக்குக் கொடுக்கவில்லை. சனிக்கிழமை பத்திலிருந்து இரண்டு மணிவரை பழைய பால் கொட்டகை வாசலில் நின்று அவனே விற்பான். ஆளுக்கு எட்டு டின். அதற்குள் மூன்று கேள்வி: எந்த ஊருக்குப் போகிறது, ஐஸ் பெட்டி இருக்கிறதா, எத்தனை மணி நேரப் பயணம். தெற்கே கனெக்டிகட் மாநிலத்திலிருந்து ஐந்து மணி நேரம் காரோட்டி வந்த ஒருவனிடம் ஐஸ் பெட்டி இல்லை. விற்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டான். அந்த மனிதன் கோபத்தில் இணையத்தில் ஒரு பக்கம் எழுதினான். மறுவாரம் வரிசை இரண்டு மடங்கு. எல்லோர் கையிலும் ஐஸ் பெட்டி.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் எங்களுடையதாக இல்லை. விடிவதற்குமுன் கார்கள் வந்துவிடும். மார்ச், ஏப்ரலில் பனி உருகி எங்கள் மண்சாலை சாலையாக இருக்காது, களியாக இருக்கும். பாஸ்டனிலிருந்து வரும் தாழ்வான கார்கள் வயிறுவரை இறங்கி நிற்கும். மெர்ல் டாட்ரோ டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்துவிடுவான். காசு வாங்கமாட்டான், கௌரவமானவன். இழுத்துவிட்ட காருக்கு நான்கு டின். அந்த இரண்டு மாதத்தில் ஊரிலேயே அதிகமாக 'இரண்டாம் அறுப்பு' இருந்த வீடு மெர்லுடையதுதான்.

ஜாஸ்லின்தான் டின் அடைப்பவள். கையால் அழுத்தும் இயந்திரம், ஒரு தடவைக்கு இரண்டு டின், பதினோரு வருஷம். மணிக்கட்டில் பட்டை கட்டியிருப்பாள். தங்கை மகளின் கல்யாணத்துக்குப் போகவில்லை, சனிக்கிழமை. அந்தப் பெண்ணின் இரண்டாம் கல்யாணத்துக்கும் போகவில்லை, அதுவும் சனிக்கிழமை. "மூணாவது கல்யாணத்தையாவது செவ்வாய்க்கிழமை வைடின்னு சொல்லியிருக்கேன்" என்பாள். வேடிக்கைக்காகச் சொன்னதில்லை.

இனி குவளைச் சங்கத்தைச் சொல்ல வேண்டும். கொட்டகையின் உள்சுவரில் நூற்றுப் பன்னிரண்டு கொக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மண்குவளை, அடியில் எண். வியாழக்கிழமை மாலை உறுப்பினர்கள் போய்த் தங்கள் குவளையில் குடிக்கலாம். ஒருவர் செத்தால், அல்லது ஓய்வுபெற்று வெயிலைத் தேடிப் புளோரிடாவுக்குக் குடிபோனால் (எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்), கொக்கி காலியாகும், காத்திருப்பவர்களில் அடுத்தவருக்குக் கிடைக்கும். என்னுடையது அறுபத்து மூன்று. லூசியனுக்குக் குவளை கிடையாது. ஆரம்பத்தில் கொடுக்க வந்தபோது, காத்திருக்கிறவங்க யாருக்காவது கொடுங்க என்று சொல்லிவிட்டான். அவன் ருசி பார்ப்பது அளவுக் கண்ணாடி ஜாடியில். நல்ல மனசு. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

ஒரு வருஷம் ஜனவரியில் கிரெய்க் ஹாலவே வந்தான். தெற்கே ஒரு விநியோகக் கம்பெனியில் வேலை. சுத்தமான பூட்ஸ், பல் தெரியச் சிரிப்பு, எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவான். லாரிகள் எங்களுடையவை, குளிர் வசதி உண்டு, ஐந்து மாநிலத்தில் கடைகள் கைவசம், நீங்கள் காய்ச்சினால் போதும் என்றான். ஜாஸ்லின் அவனுக்கு இரண்டாம் தடவை காபி ஊற்றினாள். லூசியன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"லாரியில இருந்து இறக்கின பிறகு?"

"கடையில ஃபிரிட்ஜ் இருக்கும் சார்."

"இருக்குமா?"

"இருக்கணும் சார்."

அந்த 'இருக்கணும்' லூசியனின் தூக்கத்தைக் கெடுத்தது. அவனுக்கு இஷ்டமில்லை. ஆனால் ஜாஸ்லினின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை. ஆறு வாரம் இரண்டையும் சொல்லாமல் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நீ முடிவெடுக்கறதுக்குள்ள என் கை விழுந்துரும் லூ" என்றாள் ஜாஸ்லின்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. எங்களில் யாருக்கும் அதுதான் வந்திருக்கும். சாலைக்குச் சரளை போடலாமா, நூலகத்துக்குப் புதுக் கூரை வேண்டுமா, எதுவானாலும் கூடி உட்கார்ந்து கை தூக்கித்தான் நாங்கள் தீர்மானிப்போம். சங்கத்துக் கூட்டத்தில் வைக்கிறேன், பெரும்பான்மை என்ன சொல்கிறதோ அதன்படி நடக்கிறேன் என்றான். ஜாஸ்லினும் ஒப்புக்கொண்டாள். வேண்டாம் என்று வந்தால் இனிமேல் இதைப்பற்றிப் பேசமாட்டேன் என்று சத்தியமே செய்தாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒன்றாக எடுத்த முடிவு, முடிவை எங்கள் தலையில் போடுவது.

மார்ச் இரண்டாம் செவ்வாய், பண்டகசாலைக் கூடத்தில் கூடினோம். தொண்ணூற்றேழு பேர். தலைமை ஹெஸ்டர் பிக்ஃபோர்ட். பசு வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவர். இருபத்திரண்டு வருஷமாக ஊர்க்கூட்டத்தையும் நடத்துகிறார். முழங்கைவரை மாட்டுக்குள் கைவிட்டுக் கன்றை இழுத்தவருக்கு எங்களைச் சமாளிப்பது பெரிய காரியமில்லை. மர சுத்தியல் ஒன்று வைத்திருப்பார். விதிப் புத்தகத்தை வைத்திருப்பார், ஆனால் திறக்கமாட்டார். மனப்பாடம். பின்பக்கம் அடுப்பில் மேப்பிள் பாகு ஊற்றிய பயறு வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனையையும் இந்த வரலாற்றில் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

'இரண்டாம் அறுப்பு' பியரை வெளியூர்க் கடைகளுக்கு விநியோகிக்கக் கொடுப்பதா என்பது தீர்மானம். முதலில் எழுந்தவர் பதினேழாம் குவளை, வெண்டல் ஸ்டெபின்ஸ். லூசியனின் பக்கத்து நிலத்துக்காரர்.

"தலைவரம்மா, சனிக்கிழமை ஆனா என் கொட்டகைக்குப் பின்னாடி மாசச்சூசெட்ஸ் மாநிலமே ஒன்னுக்குப் போகுது. பியர் அவங்க ஊர்லயே கிடைச்சா, மத்ததையும் அவங்க ஊர்லயே முடிச்சுக்குவாங்க."

கைதட்டல். ஹெஸ்டர் சுத்தியலைத் தட்டினார். அதன்பிறகு நால்வர் எழுந்து, வெளியூர்க்காரன் எல்லாவற்றையும் வாங்கிப் போய்விடுவதால் உள்ளூரில் நமக்கே டின் கிடைப்பதில்லை, கடைக்கு வந்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற அர்த்தத்தில் நான்கு விதமாகப் பேசினார்கள். அத்தனையும் நியாயம். நான்கூடத் தலையை ஆட்டினேன்.

எதிர்த்துப் பேச எழுந்தவன் மெர்ல் டாட்ரோ மட்டும்தான். இந்தப் பியர் பயணம் தாங்காது, கடைக்காரன் எதையும் வெயிலில்தான் வைப்பான், ஒரு தடவை கெட்டதைக் குடித்தவன் மறுபடி தொடமாட்டான், கெட்ட பேர் லாரிக்காரனுக்கு வராது, லூசியனுக்குத்தான் வரும் என்றான். அன்றைக்கு அந்தக் கூடத்தில் பேசப்பட்டவற்றில் பின்னால் உண்மையாக நடந்தது அது ஒன்றுதான். ஆனால் சொன்னது மெர்ல்.

"டிராக்டருக்கு வேலை போயிரும்னு நேராச் சொல்லுய்யா" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூடமே சிரித்தது. "எங்க வீட்டு ஃபிரிட்ஜைப் பத்தி இங்க யாரும் பேச வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மெர்ல் உட்கார்ந்தான். அதோடு எதிர்ப்புக் கட்சி முடிந்தது.

அப்போது அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்த லூசியன் கையைத் தூக்கினான். சட்டைப் பையில் நான்காக மடித்த காகிதம் ஒன்று தெரிந்தது.

ஹெஸ்டர் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

"உன் குவளை எண் என்ன லூசியன்?"

"எனக்குக் குவளை இல்லீங்க தலைவரம்மா."

"குவளை இல்லாதவங்க பேசணும்னா சபையில மூணுல ரெண்டு பங்கு சம்மதிக்கணும். விதி. கை தூக்கச் சொல்லட்டுமா?"

"விதிப்படி செய்ங்க" என்றான் லூசியன்.

இதைப் படிக்கிற யாராவது, சொந்தப் பியரைப் பற்றிப் பேச அவனுக்கு அனுமதி வேண்டுமா என்று கேட்கலாம். எங்கள் ஊர் அப்படி. ஒருமுறை ஊர்க்கூட்டத்துக்குப் பள்ளிக்கூட நிர்வாகி வந்தார். பள்ளியின் செலவைப் பற்றித்தான் பேச்சு. அவருடைய வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், வேறு ஊரில் வோட்டு. பேசக்கூடாது என்று உட்கார வைத்தோம். அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வோம். முதலாளியே எழுந்து பேசிவிட்டால் மற்றவர்கள் மனசு சாயும், அது முறையில்லை என்பது ஒரு கட்சி. அவன் என்ன சொல்லப்போகிறான் என்பது நமக்குத் தெரியாதா என்பது இன்னொரு கட்சி. பயறு அடிப்பிடிக்கிறது என்பது மூன்றாவது. கல்யாணத்தை நடத்திவிட்டு மாப்பிள்ளைக்கு மட்டும் மண்டபத்தில் அனுமதி இல்லை என்று சொன்ன கதைதான். ஆனால் எங்களுக்கு அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. நேர்மையாக நடந்துகொள்கிறோம் என்றுதான் தோன்றியது.

அனுமதிக்க ஐம்பத்தெட்டுக் கை. கூடாது என்று முப்பத்தொன்பது. ஏழு கை குறைவு. அந்த முப்பத்தொன்பது யார் யாருடையவை என்று நான் எழுதப்போவதில்லை. அதில் ஒரு கையை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கையால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

லூசியன் தலையை அசைத்துவிட்டுக் கையை இறக்கினான். முகத்தில் வருத்தம் இருந்திருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். இல்லை. சரிதான் என்று ஒப்புக்கொண்ட முகம். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை ஜாஸ்லின் பல மாதம் கழித்து என்னிடம் சொன்னாள். துணி துவைக்கும்போது எடுத்தாளாம். இரண்டே வார்த்தை: 'எனக்கு வேண்டாம்.' மீதிப் பக்கம் முழுக்க வெள்ளை.

பிறகு வெண்டல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஐந்து மாநிலம் வேண்டாம், இரண்டு மாவட்டம் போதும், ஒரே ஒரு வருஷம், பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாம். இதில்தான் நாங்கள் கைதேர்ந்தவர்கள். ஆமாம் என்று சொல்லப் பயமாகவும் இல்லை என்று சொல்ல வெட்கமாகவும் இருந்தால் 'ஒரு வருஷத்துக்கு' என்று சேர்த்துக்கொள்வோம். எழுபத்தொன்று, இருபத்தாறு. தீர்மானம் நிறைவேறியது. பயறு நன்றாக இருந்தது.

ஹெஸ்டர் நடவடிக்கைக் குறிப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் கிரெய்க் நாற்பத்தொரு பக்க ஒப்பந்தத்தோடு வந்தபோது, லூசியன் அந்தக் குறிப்பின் நகலை அவனிடம் நீட்டினான். கிரெய்க் மரியாதையாக வாங்கி, ஒருமுறை வாசித்து, கோப்புக்குள் வைத்துக்கொண்டான். கோப்புக்குள் போய்விட்டதால் அதுவும் ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் ஆகிவிட்டது என்று லூசியன் நினைத்தான். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஹெஸ்டர் பிக்ஃபோர்ட் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் உலகத்தைக் கட்டுப்படுத்தாது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நாற்பத்தொரு பக்கத்தையும் வாசித்தவர்கள் யாருமில்லை. வாசிக்க ஒரு குழு போட்டிருக்கலாம்.

ஏப்ரலில் லாரி வரத் தொடங்கியது. திங்கட்கிழமை வரும், குளிர் அறைக்குப் பின்பக்கமாக வந்து நிற்கும், ஏற்றிக்கொண்டு போகும். லாரிக்கான கணக்கை முதலில் கொடுத்துவிட வேண்டும், மிச்சம்தான் கொட்டகைக்கு. சனிக்கிழமை வரிசை மே மாதத்தில் பாதியானது. ஜூலையில் பன்னிரண்டு கார். அக்டோபரில் ஒரு கார் வந்தது, வழி கேட்க. வெண்டலின் கொட்டகைப் பின்பக்கம் புல் முளைத்தது. மெர்லின் ஃபிரிட்ஜில் பால் வைக்க இடம் கிடைத்தது. வியாழக்கிழமை சங்கத்தில் சில நாள் குழாய் பாதியில் காற்றை விட்டது. நாங்கள் குவளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஊருக்குள்ளேயே கிடைப்பதில்லையே என்று லூசியனிடம் குறைப்பட்டுக்கொண்டோம். அவன் மன்னிப்புக் கேட்டான்.

ஜாஸ்லினுக்கு அவள் கேட்ட சனிக்கிழமை கிடைத்தது. நன்றாகத் தலைவாரி, சமையலறையில் உட்கார்ந்திருப்பாள். யாருக்கும் கல்யாணம் இல்லை.

செப்டம்பரில் லூசியன் பம்புக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்கப் பக்கத்து மாவட்டத்துக்குப் போனான். வழியில் பெட்ரோல் போடும் கடைக்குள் நுழைந்தவன், கார்க் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்துக்குப் பக்கத்தில், ஜன்னலோரம், வெயிலில், தன் டின்களைப் பார்த்தான். ஒன்றை எடுத்து அடியைத் திருப்பினான். தேதி அவன் கையால் அச்சடித்தது. எழுபத்தொரு நாள். தொட்டுப் பார்த்தால் வெந்நீர்ப் பாத்திரம் மாதிரி. அங்கே இருந்தது பதினாறு டின். பதினாறையும் கடை விலை கொடுத்து வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு வந்து, பழைய சாணிக் குழியில் ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றினான். ரப்பர் வளையத்தை மறந்துவிட்டான்.

மறு சனிக்கிழமை வேறு நான்கு கடை. அதற்கு அடுத்த வாரம் எட்டு. இப்படியாக லூசியன் பெரூபேயின் சனிக்கிழமை திரும்ப நிரம்பியது. விடியற்காலை கிளம்புவான், இரண்டு மாவட்டத்தையும் சுற்றுவான், அடியைத் திருப்பித் தேதி பார்ப்பான், நாற்பது நாளைத் தாண்டியதையெல்லாம் வாங்குவான், கொண்டுவந்து கொட்டுவான். முன்பு ஐந்து மணி நேரம் காரோட்டிவந்து அவன் பியரை வாங்கினார்களே, இப்போது அவனே அந்த வேலையைப் பார்த்தான். ஐஸ் பெட்டி மட்டும் தேவைப்படவில்லை.

கம்பெனியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? வேறு சரக்கெல்லாம் அலமாரியில் தூங்கும்போது 'இரண்டாம் அறுப்பு' மட்டும் வாராவாரம் காலியாகிறது. எந்தக் கடையில் அதிகம் பழசாகி நின்றதோ அந்தக் கடையில்தான் அதிக விற்பனை. எனவே அங்கேயே இன்னும் அதிகமாக இறக்கினார்கள். அதிகமாக இறக்கியதால் இன்னும் பழசானது. லூசியன் இன்னும் அதிகமாக வாங்கினான்.

பிப்ரவரி கடைசியில், ஒரு வருஷம் முடியப்போகிறது என்று, ஹெஸ்டரின் குறிப்பை எடுத்துக்கொண்டு அவன் கிரெய்க்கின் அலுவலகத்துக்குப் போனான். கூட மெர்ல் போனான். என்ன நடந்தது என்பதை மெர்ல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிரெய்க் எழுந்து வந்து கைகுலுக்கினானாம். உங்கள் சரக்குதான் எங்கள் பட்டியலில் முதலிடம், வரும் வருஷம் ஐந்து மாநிலத்துக்கும் போகிறோம் என்றானாம். லூசியன் குறிப்பை மேஜைமேல் வைத்தான்.

"ஒரு வருஷம்தான்னு சபையில தீர்மானம் ஆயிருக்கு."

"நான் உங்க சபையில உறுப்பினர் இல்லையே சார்" என்றான் கிரெய்க். கேலியாக இல்லை, உண்மையிலேயே வருத்தமாகச் சொன்னானாம். பிறகு ஒப்பந்தத்தைத் திறந்து காட்டினான். ஒப்பந்தம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கம்பெனியால் விற்க முடியாமல் ஆறு மாதம் சரக்குத் தேங்கினால் மட்டும், கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த 'இரண்டாம் அறுப்பு' என்ற பேரை மீட்டுக்கொள்ளலாம். இங்கேதான் தேங்கவே இல்லையே.

"அதெல்லாம் வாங்கினது நான்" என்றான் லூசியன்.

"யார் வாங்கினா என்ன சார்" என்றான் கிரெய்க்.

நாற்பது மைல் திரும்பி வந்தார்கள். வீட்டு வாசலில் ஜாஸ்லின் காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு வழி உடனே புலப்பட்டது. எப்போதும் அவளுக்குத்தான் புலப்படும்.

"நாளையில இருந்து வாங்காத. ஆறு மாசம் அது பாட்டுக்குத் தேங்கட்டும். பேரு நம்ம கைக்கு வந்துரும்."

லூசியன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அந்த ஆறு மாசமும் அதை ஒருத்தன் குடிப்பான்ல" என்றான்.

"குடிக்கட்டுமேய்யா. செத்தா போயிருவான்?"

"சாகமாட்டான். இதுதான் என் பியர்னு நினைச்சுக்குவான்."

ஜாஸ்லின் உள்ளே போய்விட்டாள். அவள் அவனோடு சண்டை போட்டிருக்கலாம். மெர்ல் அதற்காகத்தான் சற்று நேரம் நின்று பார்த்தானாம். ஒன்றும் நடக்கவில்லை.

மார்ச்சில் மறுபடி கூடினோம். ஜனவரியில் நாற்பத்தொன்றாம் குவளை செத்துப்போயிருந்தார். காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்தவர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். அந்தக் கொக்கியை லூசியனுக்கே கொடுப்பது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். பழைய பாவத்தைக் கழுவ இதைவிட மலிவான வழி இருக்கவில்லை. புதுக் குவளை, பச்சை மெருகு, அடியில் எண். ஹெஸ்டரே எழுந்து நின்று கொடுத்தார்.

"இப்ப நீ பேசலாம் லூசியன். உனக்கு எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்க."

அவன் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தான். தொண்ணூறு பேர் இருந்தோம். திட்டுவான் என்று எதிர்பார்த்தோம். சிலர் அதற்காகவே வந்திருந்தார்கள். நானும்தான்.

"தலைவரம்மா, இந்த வியாழக்கிழமை பியர் இருக்காது. லாரிக்குக் கூடுதலாக் கேட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

நன்றித் தீர்மானம் ஒன்று கொண்டுவந்தோம். அதுவும் ஒருமனதாக நிறைவேறியது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, சேறு தெறித்துக் கார்க் கண்ணாடி மறைந்துபோய், நான் அதே பெட்ரோல் கடையில் நிறுத்தினேன். நீலத் திரவத்துக்காகக் குனிந்தபோது பக்கத்தில் லூசியன். மண்டியிட்டு ஒவ்வொரு டின்னாகத் திருப்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான்.

"எப்படி இருக்க லூசியன்?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது.

அவன் ஒரு டின்னை என் கையில் வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. திரும்ப வாங்கிக்கொண்டான்.

இருபத்து நான்கு டின்னையும் சுமந்துபோய்க் கல்லாவில் வைத்தான். கல்லாவில் ஒரு சின்னப் பெண், புதியவள்.

"இது பழசு சார். வேற ஏதாவது எடுத்துக்கோங்க. இதையெல்லாம் யாரோ ஒரு பைத்தியம் வாராவாரம் வந்து அள்ளிட்டுப் போறானாம். அவனை நம்பித்தான் கம்பெனிக்காரன் கொண்டாந்து கொட்டுறான்."

"அப்படியா" என்றான் லூசியன். "ஆள் எப்படி இருப்பான்?"

"நான் பார்த்ததில்ல சார். சனிக்கிழமை டியூட்டி எனக்கு இன்னைக்குத்தான்."

பணத்தைக் கொடுத்தான், மீதியை எண்ணாமல் பையில் போட்டான், டின்களை இரண்டு நடையாகக் காருக்குக் கொண்டுபோனான். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவன் கார் சாலையில் ஏறுவதற்குள் அந்தப் பெண் பின்னறையிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துவந்து, காலியான அலமாரியை நிரப்ப ஆரம்பித்தாள். ஒன்றை எடுத்து அடியைத் திருப்பினேன். ஜனவரி.

வாங்கிக்கொண்டேன். காரில் உட்கார்ந்து திறந்து குடித்தேன், கடைசிவரை. மோசமில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் லூசியன் சொன்னது சரி. அட்டைப்பெட்டிதான், மழையில் நனைந்தது.